யாருக்கும் தெரியாத வலியை எப்படி எழுதுவது?

வெளியே தெரியாத மனவலியைப் பற்றிய கவிதை என்றதும் எல்லோரும் உவமையைத் தேடிப் போகிறோம். அணியிலக்கணம் படித்த பழக்கம் அது. ஔவையார் பாடிய குறுந்தொகை 28-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் ஐந்தே அடி, ஓர் உவமைகூட இல்லை. காதலனைப் பற்றியும் ஒரு சொல் கிடையாது.

முட்டுவேன்கொல் தாக்குவேன்கொல்
ஓரேன் யானுமோர் பெற்றி மேலிட்டு
ஆஅ ஒல்லெனக் கூவுவேன்கொல்
அலமரல் அசைவளி அலைப்பவென்
உயவுநோ யறியாது துஞ்சும் ஊர்க்கே

பேசுபவள் காதலில் தவிக்கும் தலைவி. முட்டுவேனா, தாக்குவேனா, ஏதோ ஒரு சாக்கில் ஆவென்று கத்துவேனா, எனக்கே தெரியவில்லை. சுழலும் காற்று என்னை வாட்ட, என் நோய் தெரியாமல் தூங்குகிறது ஊர். இவ்வளவுதான் பொருள்.

உத்தி எங்கே இருக்கிறது? முதலில் 'கொல்' என்ற இடைச்சொல். "கொல்லே ஐயம்", அதாவது அது சந்தேகத்தைக் குறிக்கும் என்கிறது தொல்காப்பியம். மூன்று வினை, மூன்றின் வாலிலும் ஐயம். ஆகவே இந்தப் பாட்டில் ஒன்றுமே நடக்கவில்லை. அவள் முட்டவும் இல்லை, கத்தவும் இல்லை. அப்புறம் யாருக்குத் தெரியும்? வலி வெளியே தெரியாமல் போகும் காரணத்தை ஓர் இடைச்சொல் சுமக்கிறது. இதைக் கவனிக்காமல் "தலைவி ஆவேசமாகக் கத்துகிறாள்" என்று விளக்குபவர்கள் பாட்டையே கவிழ்த்துவிடுகிறார்கள்.

'ஆஅ' அளபெடை, அதாவது ஓசையை நீட்டுவது. மாத்திரை என்பது ஒலிக்கும் நேர அளவு. நெடில் இரண்டு மாத்திரை, குறில் ஒன்று, ஆக மூன்று. அவள் அடக்கிய கூவல் வாசிப்பவர் வாயிலிருந்து வருகிறது. இந்தப் பாட்டை வாய்விட்டுத்தான் படிக்க வேண்டும்.

ஓசையையும் பாருங்கள். முட்டு, தாக்கு என்று வல்லினம் மோதித் தொடங்கும் பாட்டு, நான்காம் அடியில் ல, ர, வ, ள என்று பெரும்பாலும் இடையினத்துக்கு இறங்கிவிடுகிறது. மூன்று சீருமே அகரத்தில் தொடங்குகின்றன. ஏன் மூன்றே சீர்? இந்தப் பாட்டின் யாப்பான நேரிசை ஆசிரியப்பாவில் ஈற்றயலடி, அதாவது கடைசிக்கு முந்தைய அடி, முச்சீராக வர வேண்டும் என்பது விதி. விதி எல்லோருக்கும் பொது. அந்தக் குறைந்த அடியில் எதை வைப்பது என்பதுதான் புலவரின் கை. பதுமனார் குறுந்தொகை 6-இல் அங்கே உறங்கும் உலகத்தை வைத்தார். ஔவையார் வாட்டும் காற்றை வைத்தார். 'அலைப்பவென்' என்று மூச்சு முட்டி, 'என்' அடுத்த அடியின் 'நோய்'க்காகக் காத்து நிற்கிறது.

ஊர் என்பது அங்குள்ள மக்களைக் குறிக்கும் ஆகுபெயர், அது எல்லோருக்கும் தெரிந்ததே. அந்தச் சொல் கடைசிச் சீராக வருவதுதான் விஷயம். யாரை முட்டுவது, யாரைத் தாக்குவது என்பது அதுவரை தெரியாது.

இன்று எழுதுகிறவர்கள் பெரும்பாலும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. 'இரக்கமற்ற', 'கல்நெஞ்ச' என்று சுற்றியிருப்பவர்களுக்கு அடைமொழி கொடுத்துவிடுகிறார்கள். உடனே கவிதை புகார் மனு ஆகிவிடுகிறது. ஔவையார் ஊரைக் குற்றம் சாட்டும் அடைமொழி எதுவும் தரவில்லை, 'அறியாது துஞ்சும்' என்று மட்டும் சொன்னார். அந்த 'அறியாது' என்பதை 'அறிந்தும்' என்று மாற்றிப் படித்துப் பாருங்கள், அவள் தனிமை போய் வெறும் கோபம் மிஞ்சும். உங்கள் கவிதையிலும் பிறரைக் குறிக்கும் அடைமொழிகளை அடித்துவிட்டு ஒருமுறை படியுங்கள்.