பெரியப்பா தொட்டுப் பார்த்த கோடு

போன கிழமை முரசுமோட்டையில் பெரியப்பா வீட்டுத் திண்ணையில் இருந்து, கிளிநொச்சி இரணைமடுக் குளத்து நீர்மட்டப் படத்தை என்ர போனில் அவருக்குக் காட்டினேன். ஆண்டுக்கு ஒரு சாம்பல் கோடு.

"பிள்ளை, 2018 மார்கழி எது?"

"தொட்டுப் பாருங்கோ."

காய்ப்பேறின விரலால் இரண்டு மூன்று கோடுகளை மாறி மாறித் தொட்டார். தொட்ட கோடு நீலமாகி, திகதியும் அடிக்கணக்கும் மேலே வந்தன. "இந்தா, இதுதான் வெள்ளம் வந்த கிழமை. வான்கதவு திறந்த சத்தம் இன்னும் காதுக்க நிக்குது" என்றார். அரை மணித்தியாலமாகப் போன் என் கைக்குத் திரும்பவில்லை.

இதே தரவை முன்பு ஓர் அலுவலகத்துக்கு பிடிஎஃப் அறிக்கையாகக் கொடுத்தேன். ஆர் (R) என்ற கணினி மொழியில் வரைந்த படங்களில் தமிழ் உடைந்து, கொம்பு ஒரு பக்கமும் அரவு ஒரு பக்கமுமாக நின்றது. கடைசியில் ஊர்ப்பெயர்களை ஆங்கிலத்தில் போட்டேன். ஒரு கமக்காரர் கண்ணிலும் அது படவில்லை. பிரவுசரில் அதே எழுத்துகள் ஒழுங்காக வருகின்றன. படத்தைப் பிரவுசரில் தொட்டுப் பார்க்கிற மாதிரிச் செய்ய எனக்கு இந்த ஒரு காரணமே போதும். கணக்கை ஆரில் போட்டு, படத்தை டி3 (D3) இல் வரைகிறேன்.

ஆர், 1990களில் ஒக்லாந்து பல்கலைக்கழகத்தில் ரொஸ் இஹாகாவும் றொபேர்ட் ஜென்டில்மனும் தொடங்கியது. கணக்குக்குப் பிறந்த மொழி. டி3, 2011 இல் மைக் போஸ்டொக்கும் கூட்டாளிகளும் ஸ்டான்ஃபோர்டில் இருந்து வெளியிட்ட நிரல் தொகுப்பு; பிரவுசரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் படம் வரைவதற்கு. இரண்டையும் சேர்த்துப் பாவிக்காமல் எங்கட பிள்ளைகள் இரண்டு கூட்டமாகப் பிரிந்து நிற்பதுதான் என் கவலை. புள்ளிவிபரவியல் படித்தவர்கள் அறிக்கையோடு நிற்கிறார்கள். வலைத்தளம் செய்பவர்கள் வந்த எண்ணை அப்படியே வரைகிறார்கள்.

அதன் விளைவை நானே பார்த்தேன். என்னிடமுள்ள பதிவுகளில் 2009 இல் மாதக்கணக்கில் வெற்றிடம். ஆரில் அது 'இல்லை' என்றே நிற்கும். வெற்றுக் கட்டமாக சிஎஸ்வி (அட்டவணையை வெறும் எழுத்தாக வைக்கும்) கோப்பில் போனால், ஜாவாஸ்கிரிப்ட் அதை எண்ணாக மாற்றும்போது 0 ஆக்கிவிடும். முதல் வரைவில் இரணைமடு ஒரேயடியாய் வற்றி அடிமட்டத்தில் கிடந்தது. குளம் வற்றவில்லை. போரால் ஊரே இடம்பெயர்ந்திருந்தது, அளக்க ஆளில்லை. அந்தப் படம் அப்படியே வெளியே போயிருந்தால் எங்கட வரலாற்றில் ஒரு பொய் ஏறியிருக்கும். இப்போது அந்த இடத்தில் கோடு அறுந்து நிற்கிறது; தொட்டால் "அளவீடு இல்லை" என்று வரும்.

ஆரில் இருந்தே தொட்டுப் பார்க்கும் பக்கம் செய்ய ஷைனி (Shiny) நல்ல கருவிதான். ஆனால் வழக்கமாகப் பின்னால் ஒரு சேர்வரில் ஆர் ஓடிக்கொண்டே இருக்கவேண்டும், அதற்குப் பெரும்பாலும் மாதாமாதம் காசு. எங்கள் தேவைக்கு, ஆரின் தரவை ஜாவாஸ்கிரிப்ட் படத்தோடு சேர்த்து வலைப்பக்கமாக்கும் எச்டிஎம்எல் விட்ஜெட்ஸ் (htmlwidgets) போதும்: கணக்கு வீட்டுக் கணினியில் ஒருதரம் ஓடும், வெளியே போவது ஒரு பக்கம் மட்டும். அதையும் மெலிதாக்குங்கள். சிக்னல் குறைந்த இடத்தில் பல எம்பி பக்கத்துக்கு யாரும் காத்திருக்கமாட்டார்கள். நாளாந்த அளவைக் கிழமைக் கணக்காகச் சுருக்கலாம், ஆனால் சராசரியை மட்டும் வைத்தால் வெள்ள நாளின் உச்சம் அமுங்கிவிடும். கிழமையின் உச்ச அளவையும் கூடவே வையுங்கள்.

அடுத்தது வவுனிக்குளமும் முத்தையன்கட்டுக் குளமும். அங்கே வாய்க்கால் பார்த்தவர்கள், கமக்கார அமைப்பில் இருந்தவர்கள் வீட்டில் பழைய நீர்மட்டக் கொப்பி கிடந்தால், பக்கத்தைப் படமெடுத்து உள்பெட்டிக்கு அனுப்புங்கோ. கிழிந்திருந்தாலும் பரவாயில்லை.