புளியந்தீவு வீட்டை இடிக்கத் தேவையில்லை

மட்டக்களப்புப் புளியந்தீவில் முன்பள்ளி கட்டுவதற்காக இடிக்கப்போகும் அந்தப் பழைய வீட்டு வாசலில் பெக்கோ இயந்திரம் வந்து நிற்கும் படத்தை எல்லோரும் பகிர்ந்துவிட்டீர்கள், நான் திரும்பப் போடவில்லை. முன்பள்ளிக்கு இடம் வேண்டும், சரி. அதற்கு ஏன் வீட்டை இடிக்க வேண்டும்? நடுவில் முற்றம், சுற்றிவர விறாந்தை, காற்றோட்டமான நாலு அறை. சின்னப் பிள்ளைகளுக்கு வேறென்ன வேண்டும்?

திருத்தக் காசில்லையாம். காசில்லாதவன் இடிப்பானா? இடிக்கக் கூலி, கல்லை அள்ளக் கூலி, பிறகு அத்திவாரத்திலிருந்து எல்லாம் புதிது. திருத்துவதென்றால் முதலில் கூரை. உடைந்த ஓடுகளையும் உளுத்த கைமரங்களையும் மட்டும் மாற்றி, மழைநீர் வடியும் பீலியைச் சரிசெய்தால் இந்த மாரி தாண்டும். மலசலகூடத்தை வளவின் பின்பக்கம் கட்டலாம். மிச்ச வேலையை ஒவ்வொரு விடுமுறைக்கும் ஓர் அறை என்று செய்யலாம். புதுக் கட்டடம் பாதியில் நின்றால் கம்பி நீட்டிக்கொண்டு அப்படியே நிற்கும்.

ஆனால் சுவருக்குச் சீமெந்து பூசாதீர்கள். எங்கள் அம்மம்மாவின் சீதன வீடு சுண்ணாம்புச் சாந்தில் கட்டியது. 1978 சூறாவளியில் ஓடெல்லாம் பறந்தும் சுவர் அசையவில்லை. பிறகு மாமா பலமாக இருக்கட்டும் என்று சீமெந்து பூசினார். நிலத்து ஈரம் வெளியேற வழியில்லாமல் சுவருக்குள்ளேயே தங்கி, மூன்று மாரிக்குள் உப்புப் பூத்து, பூச்சு பாளம் பாளமாக விழுந்தது. கடைசியில் பழைய வீடு உதவாது என்று சொல்லி இடித்தோம். பிழை வீட்டில் இல்லை, எங்களில். அன்று நானும் பேசாமல் நின்றேன்.

பிள்ளைகளின் பாதுகாப்பைக் கேட்பவர்களே, நியாயமான கேள்வி. ஒரு பொறியியலாளர் பார்த்துவிட்டு முடியாதென்று எழுதித் தந்தால் நான் இனிப் பேசமாட்டேன். யாரையாவது கூப்பிட்டுக் காட்டினீர்களா? ஒல்லாந்தர் கோட்டைக்குள் கச்சேரி, அதாவது மாவட்டச் செயலகம், எத்தனை வருடம் நடந்தது! அரசாங்கம் வேலை செய்யலாம், பிள்ளைகள் படிக்கக் கூடாதா?

பழசைக் கட்டிப்பிடித்து அழுகிறேன் என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். அழுகிறேன்தான் தம்பி. சூறாவளியில் போனது, சண்டையில் போனது, 2004இல் கடல் கொண்டுபோனது. அப்போதெல்லாம் என் கையில் ஒன்றும் இருக்கவில்லை. இதை நாங்களே கூலி கொடுத்து இடிக்கப்போகிறோம், அதைத்தான் தாங்க முடியவில்லை.

திங்கட்கிழமைக் கூட்டத்துக்கு நான் வருவேன். அதுவரைக்கும் அந்தப் பெக்கோவை வாசலிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். கதவுநிலை எல்லாம் முதிரை மரம், அதையாவது கழற்றி விற்றுவிடாதீர்கள்.