இஃபிஜீனியா பேர அந்தக் கோர்ட்ல ஒருத்தர் கூட சொல்லல

பழைய கிரேக்க நாடக ஆசிரியர் ஈஸ்கிலஸோட ஓரெஸ்டியாங்கிற நாடகத் தொகுப்ப பத்தி யார் பேசுனாலும், பழிக்குப் பழின்னு இருந்த ஊர்ல சட்டம் வந்த கதைன்னு தான் புகழ்றாங்க. கி.மு. 458ல ஏதென்ஸ்ல போட்டு முதல் பரிசு வாங்குன மூணு நாடகம், எழுத்து பெரிய எழுத்து தான், அதுல சந்தேகமே இல்ல. ஆனா அந்தச் சட்டம் யார மிதிச்சுட்டு வந்துச்சுன்னும் பாக்கணும்ல?

ட்ராய் நகரத்து மேல படையெடுக்க கப்பல் கிளம்ப காத்து ஒத்துழைக்கலன்னு, கிரேக்கப் படைத் தலைவன் அகமெம்னான் பெத்த பொண்ணு இஃபிஜீனியாவயே பலி குடுக்குறான். மேடையில பாட்டாவே கதை சொல்ற கூட்டம், அதான் கோரஸ், அத சொல்ற இடத்த என்னால சாதாரணமா தாண்டிப் போகவே முடியல. ஆட்டுக்குட்டிய தூக்குற மாதிரி அவள பலிபீடத்துக்கு மேல தூக்கிப் புடிக்கிறாங்க, குடும்பத்துக்கு சாபம் விட்டுருவாளோன்னு வாயக் கட்டிடுறாங்க, பேச முடியாம சுத்தி நிக்கிற ஒவ்வொருத்தனையும் கண்ணாலயே கெஞ்சுறா. அப்பா வச்ச விருந்துல எல்லாம் பாட்டுப் பாடுன புள்ள அது.

பத்து வருஷ சண்டை முடிஞ்சு, ட்ராய் இளவரசி கசாண்ட்ராவ அடிமையா இழுத்துட்டு வீடு திரும்புறவன குளிக்கிற எடத்துல வச்சு கொல்றா அவன் பொண்டாட்டி கிளைடெம்னெஸ்ட்ரா. பாவம் கசாண்ட்ராவையும் கொல்றா, அதுக்கு எந்த நியாயமும் கெடையாது. ஆனா புருஷன ஏன் கொன்னேன்னு ஊர்ப் பெரியவங்க முன்னாடி நின்னு மகளச் சொல்லித் தான் பேசுறா. அப்புறம் அப்பாவுக்குப் பழிவாங்க மகன் ஓரெஸ்டஸ் அம்மாவ கொல்றான், மூணாவது நாடகத்துல கேஸ் ஏதென்ஸ் கோர்ட்டுக்குப் போகுது.

அங்க ஓரெஸ்டஸுக்காக அப்போலோ தெய்வம் என்ன வாதாடுறான் தெரியுமா? அம்மாங்கிறவ புள்ளய பெத்தவளே இல்லயாம், அப்பன் போட்ட வித்த பத்திரமா வச்சு வளக்குறவ மட்டும் தானாம், அதனால அம்மாவ கொன்னது அவ்ளோ பெரிய குத்தம் இல்லயாம்!! சாட்சிக்கு அந்தக் கோர்ட்ட நடத்துற தெய்வம் அதீனாவயே கைகாட்டுறான், அவ அப்பா ஜீயஸ் தலையில பொறந்தவ, அம்மா வயித்துல வளராதவ. அவளும் எனக்கு அம்மா கெடையாது, நான் ஆம்பள பக்கம்னு ஓட்டு போடுறா. ஓட்டு சரிசமம், ஓரெஸ்டஸ் விடுதலை.

இவ்ளோ வாதத்துலயும் இஃபிஜீனியா பத்தி ஒரு வார்த்தை இல்ல. புருஷன கொன்னது குத்தம், மகள கொன்னது கேஸ் கட்டுலயே இல்ல.

அந்தக் காலம் அப்படித்தாங்கன்னு சொல்லுவாங்க, நான் ஒத்துக்க மாட்டேன். அதே ஏதென்ஸ்ல கி.மு. 431ல யூரிப்பிடிஸ்னு இன்னொரு நாடக ஆசிரியர் மெடீயாங்கிற நாடகத்த எழுதிட்டாரு. பணத்தக் கொட்டிக் குடுத்து புருஷன்னு நம்ம உடம்புக்கே ஒரு எஜமான வாங்குறோம், ஒரு தடவ புள்ள பெக்குறதுக்கு மூணு தடவ போர்ல போய் நிக்கலாம்னு அதோட நாயகி மெடீயா கொரிந்து ஊர்ப் பொண்ணுங்க கிட்ட சொல்றா. மாஸ்க் போட்ட ஆம்பள நடிகர் வாயால தான் இதையும் பேச வேண்டியிருந்துச்சு, ஆனாலும் பேசியாச்சு. போட்டியில இருந்த மூணு பேர்ல யூரிப்பிடிஸுக்கு மூணாவது எடம்.

ஓரெஸ்டியாவ பாடமா நடத்துறவங்க அப்போலோ வாதத்த வேகமா புரட்டிட்டுப் போயிடாதீங்க. பசங்களுக்கு அந்த வாயக் கட்டுன பகுதியையும் இதையும் ஒரே நாள்ல வாசிச்சுக் காட்டுங்க, அப்புறம் தீர்ப்பு சரியான்னு கேளுங்க.