அசல் பாட்டு அவளுக்கு வேகமாகக் கேட்டது

போன மாதம் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். அண்ணன் மகள் பத்தாவது படிக்கிறாள், நன்றாகப் பாடுவாள். பள்ளி ஆண்டு விழாவுக்காக ஜானகியம்மாவின் ஒரு பாட்டைப் பயிற்சி செய்துகொண்டிருந்தாள். எண்பதுகளில் வந்த பாட்டு, நான் கேட்டு வளர்ந்தது. "பாடிக் காட்டு, கேட்போம்" என்றேன்.

கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். சுருதி சுத்தம், ஆனால் பாட்டு எங்கோ அடியில் கிடந்தது. பல்லவி முடிவதற்குள் மூன்று தடவை மூச்சு வாங்கினாள். கீழே இறங்க வேண்டிய ஓர் இடத்தில் குரலே எழவில்லை, காற்று மட்டும் வந்தது.

"ஏம்மா இவ்வளவு கீழே எடுக்கிறே?"

"பாட்டே அப்படித்தான் அத்தை."

போனை எடுத்துக் காட்டினாள். வேகத்தைக் குறைத்து, எதிரொலி சேர்த்த 'ஸ்லோட் அண்ட் ரிவெர்ப்' பதிப்பு. பல மாதங்களாக ராத்திரி தூங்கப் போகும்போது இயர்போனில் அதைத்தான் கேட்கிறாளாம். நான் என் போனில் அசல் பாட்டைப் போட்டேன். பத்து நொடிகூட ஆகியிருக்காது, முகத்தைச் சுளித்தாள். "இதை யாரோ ஸ்பீடு ஏத்திப் போட்டிருக்காங்க அத்தை. குரல் சின்னப் பொண்ணு குரல் மாதிரி இருக்கு."

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவளுக்கு உண்மையிலேயே அப்படித்தான் கேட்டிருக்கிறது. அந்த ஒரு வார்த்தை அன்று ராத்திரி முழுக்க என்னைத் தூங்க விடவில்லை.

ஒரு பாட்டின் வேகத்தை 85 சதவீதமாகக் குறைத்தால் சுருதி கிட்டத்தட்ட மூன்று அரைச்சுரம் இறங்கும். அரைச்சுரம் என்பது ஆர்மோனியத்தில் கறுப்பு, வெள்ளை எல்லாம் சேர்த்து ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் உள்ள தூரம். ஐந்து கட்டை சுருதியில் பாடிய பாட்டு மூன்று கட்டைக்கு வந்துவிடும். "அதனால் என்ன, நம் சங்கீதத்தில் ஆதார சுருதியை அவரவர் வசதிக்கு வைத்துக்கொள்கிறோமே, சுரங்களுக்கு இடையிலான உறவு மாறவில்லையே" என்று கேட்பவர்கள் இருப்பார்கள். சரியான கேள்விதான். சில வருடம் பாட்டு கற்றவள் என்பதால் எனக்கும் அதுதான் முதலில் தோன்றியது.

ஆனால் ஒருவர் கட்டையைக் குறைத்துப் பாடும்போது அவருடைய தொண்டையின் நீளமும் வாயின் அளவும் மாறுவதில்லை. ஆ என்றால் அவருடைய ஆ, ஈ என்றால் அவருடைய ஈ. பதிவை மெதுவாக ஓட்டும்போது சுருதியோடு சேர்ந்து அந்த உயிரெழுத்துகளின் ஒலி அமைப்பும் கீழே இறங்குகிறது. ஜானகியம்மாவை விட ரொம்பப் பெரிய உடம்புள்ள யாரோ பாடுவது போல ஆகிவிடுகிறது. சுரத்தை அசைத்துப் பாடும் கமகம் நீள்கிறது. மேலே எதிரொலி வேறு. முந்தைய எழுத்தின் வால் அடுத்த எழுத்தின் மேல் படிந்து, ஒற்றெழுத்துகள் எல்லாம் நனைந்த காகிதம் போலக் குழைகின்றன. ஒரு ழகரம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று அதில் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. அண்ணன் மகள் மூச்சுக்குத் திணறியதற்கும் காரணம் இதுதான். அசலில் ஒரே மூச்சில் அடங்கிய வரியை மெதுவாக்கினால் அது மனித மூச்சுக்குள் அடங்குமா?

இப்படிப் பழகிப்போவது குழந்தைகளுக்கு மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். எந்தச் சுரத்தையும் கேட்டவுடன் பெயர் சொல்லக்கூடிய சிலரை அழைத்து, ஜெர்மன் இசையமைப்பாளர் பிராம்ஸின் முதல் சிம்பொனியைக் கேட்க வைத்தார்கள். அந்தப் பதிவின் சுருதியைக் கேட்பவருக்குப் பிடிபடாத மெதுவான வேகத்தில் 33 செண்ட், அதாவது ஓர் அரைச்சுரத்தில் மூன்றில் ஒரு பங்கு, இறக்கியிருந்தார்கள். கேட்டு முடித்ததும் தனித்தனிச் சுரங்களை வாசித்துக் காட்டினால், இறங்கிய சுரத்தையே அவர்கள் சரி என்றார்கள். யாராலும் அசைக்க முடியாது என்று பேர் வாங்கிய காதுகள் அவை. ஒரு சிம்பொனிக்கே அவை நகர்ந்துவிட்டன. எங்கள் வீட்டுப் பெண் மாதக்கணக்காகக் கேட்டிருக்கிறாள்.

எங்கள் தலைமுறையும் அசலை மட்டுமே கேட்டு வளரவில்லை. கேசட் நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓட வேண்டும் என்பது கணக்கு. டேப் ரிக்கார்டரில் பேட்டரி இறங்கினால் பாட்டு இழுக்கும். தொலைக்காட்சியில் வேறு கதை. சினிமா நொடிக்கு 24 படம், நம் தொலைக்காட்சி முறையில் 25. சுருதியைத் திருத்தாமல் அப்படியே ஓட்டினால் பாட்டு நான்கு சதவீதம் வேகமாகி, சுருதி ஓர் அரைச்சுரத்தில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவாக ஏறியிருக்கும். ஆனால் பேட்டரி இறங்கியது எங்களுக்குத் தெரியும். இழுக்கிறது என்று சொல்லி இரண்டு புது பேட்டரி வாங்கிப் போடுவோம். அசல் எப்படி இருக்கும் என்பது மனதில் இருந்தது. இன்றைக்குப் பல பிள்ளைகளுக்கு முதலில் காதில் விழுவதே மாற்றிய பதிப்புதான்.

இதைப் படித்துவிட்டு யாரும் பயந்து பிள்ளைகளின் போனைப் பிடுங்க வேண்டாம். மெதுவாக்கிய பாட்டால் காது கெட்டுப்போகும் என்று நான் சொல்லவில்லை. இயர்போனில் சத்தத்தை ஏற்றி வைத்துக் கேட்டால் கெடும், அது அசல் பாட்டுக்கும் பொருந்தும். இங்கே நான் சொல்வது, கேட்பதை மூளை எடுத்துக்கொள்ளும் விதம். ஜெர்மனியில் மூன்ஸ்டர் நகரத்து ஆய்வாளர்கள் 1999இல் இசையில் 1000 ஹெர்ட்ஸைச் சுற்றியுள்ள ஒலிகளை மட்டும் நீக்கிவிட்டு, நாளுக்கு மூன்று மணி நேரம், மூன்று நாள் கேட்க வைத்தார்கள். நீக்கிய அந்த ஒலிக்கு மூளையின் கேட்புப் பகுதி காட்டும் துடிப்பு குறைந்தது. ஒவ்வொரு நாளும் கேட்பதை நிறுத்திய பிறகு, மறுநாளைக்குள் பழைய நிலைக்குத் திரும்பவும் செய்தது. இதே வழியைப் பின்பற்றி, காதில் ஓயாத இரைச்சல் உள்ளவர்களுக்கு அந்த இரைச்சலின் அலைவரிசையை நீக்கிய இசையை ஒரு வருடம் கேட்க வைத்தபோது இரைச்சல் தணிந்ததாக 2010இல் வெளியிட்டார்கள். மாற்றிய இசை மருந்தாகக்கூட ஆகலாம் என்றால், அதற்குக் காதை மாற்றும் வலு இருக்கிறது என்றுதானே அர்த்தம்? அந்த நோயாளிகளுக்கு என்ன மாற்றினார்கள், எதற்கு மாற்றினார்கள் என்று தெரியும். நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை.

என் கோபமே அதுதான். ஸ்லோட் என்று பெயரிலேயே போடுபவர்களிடம் எனக்குச் சண்டை இல்லை, ராத்திரி நேரத்தில் அது மனதுக்கு இதமாக இருப்பதும் உண்மை. காப்புரிமை மென்பொருள் பிடித்துவிடக் கூடாது என்று சுருதியைக் கொஞ்சம் ஏற்றியோ இறக்கியோ, பழைய படத்தின் பெயரை மட்டும் போட்டுப் பதிவேற்றுகிறார்களே, அது தப்பு. கேட்கும் பிள்ளை அதையே அந்தப் பாடகியின் குரல் என்று நம்புகிறது. தயவுசெய்து மாற்றியிருக்கிறோம் என்று ஒரு வரி எழுதுங்கள். வீட்டில் பாடுகிற பிள்ளை இருந்தால், பாட்டைத் தேர்ந்தெடுத்ததும் இசை நிறுவனத்தின் சொந்தப் பக்கத்தில் இருக்கும் பதிவைத் தேடி ஒருமுறை கேட்க வையுங்கள்.

அண்ணன் மகளிடம் நான் எதையும் அழிக்கச் சொல்லவில்லை. சுருதிப் பெட்டியை வைத்து அவள் குரலுக்கு எது பொருந்துகிறது என்று பார்த்தோம், நாலரைக் கட்டை நன்றாக நின்றது. தினமும் பள்ளிக்குப் போகுமுன் அசலை இரண்டு தடவை கேள் என்று மட்டும் சொல்லிவிட்டு ஊருக்கு வந்தேன். மூன்றாவது வாரம் கூப்பிட்டாள். "அத்தை, ராத்திரி அந்த ஸ்லோட் பதிப்பைப் போட்டேன். யாரோ தூக்கக் கலக்கத்தில் பாடுற மாதிரி இருக்கு. பல்லவி இப்போ ஒரே மூச்சில் வருது, பாடட்டுமா?" என்றாள். பாடினாள்.