பணி நியமனக் கடிதத்தில் இருக்கும் அரசியல்

தனியார் பள்ளிகளின் அரசியல் பற்றிப் பேச்சு எழுந்தாலே இரு தரப்பும் பாடப்புத்தகத்தைத்தான் முதலில் புரட்டுகின்றன. ஒரு தரப்புக்கு அவை இடதுசாரிக் கூடாரங்கள்; பிள்ளைகளைக் குடும்பத்துக்கும் மரபுக்கும் எதிராகத் திருப்பிவிடுகிற இடங்கள். மறு தரப்புக்கு அவை பழமைவாதக் கோட்டைகள். மதத்தையும் சந்தையையும் கேள்வி கேட்காத தலைமுறையை வார்த்துக் கொடுக்கிற இடங்கள். ஆதாரமாக ஏதோ ஒரு பாடப் பக்கம், யாரோ ஓர் ஆசிரியர் பேசிய இரண்டு வரி, வகுப்பறைச் சுவரில் ஒட்டிய ஒரு படம். இந்தச் சண்டையில் எனக்கு ஆர்வம் போய்விட்டது. ஒரு பள்ளிக்குள் மாற்றுக் கருத்துக்கு இடம் உண்டா என்று தெரிந்துகொள்ள, அங்கே வேலை பார்க்கும் ஆசிரியரின் பணி நியமனக் கடிதத்தைத்தான் நான் கேட்பேன்.

தனியார் பள்ளி இருக்கலாமா என்ற கேள்வியே ஒரு காலத்தில் நீதிமன்றம் வரை போயிருக்கிறது. 1922இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், 8 முதல் 16 வயது வரையிலான பிள்ளைகள் பெரும்பாலும் அரசுப் பள்ளிக்கே போக வேண்டும் என்று வாக்கெடுப்பின் மூலம் சட்டம் கொண்டுவந்தார்கள். கேட்பதற்குச் சமத்துவம் போல இருக்கும். அதை முன்னின்று ஆதரித்தவர்களில் கூ கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பும் இருந்தது. குறி கத்தோலிக்கப் பள்ளிகள் மீது. எதிர்த்து வழக்குப் போட்டவை இரண்டு நிறுவனங்கள்: ஒன்று கன்னியாஸ்திரீகள் நடத்தியது, மற்றொன்று இராணுவப் பயிற்சிப் பள்ளி. 1925இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. பிள்ளை அரசின் வெறும் படைப்பு இல்லை என்று தீர்ப்பில் எழுதினார்கள். ஜெபமாலையும் துப்பாக்கிப் பயிற்சியும் ஒரே வாசலில் வந்து நின்ற அந்த வழக்கு எனக்கு மிகவும் பிடித்தமானது. எல்லாப் பிள்ளைகளையும் ஒரே அச்சில் வார்க்காதே என்று அரசைத் தடுத்து நிறுத்தியதுதான் தனியார் பள்ளியின் பெரிய நியாயம். ஆங்கிலேயத் தத்துவவாதி ஜான் ஸ்டூவர்ட் மில் 1859லேயே இதைச் சொல்லிவிட்டார்: அரசு ஒன்றே எல்லோருக்கும் கல்வி கொடுத்தால், ஆட்சியில் இருப்பவர்களுக்குப் பிடித்த மாதிரி மனிதர்கள்தான் வருவார்கள் என்று.

நெதர்லாந்து இன்னும் ஒரு படி மேலே போனது. 1917இல் அரசியல் சாசனத்தைத் திருத்தி, சமயப் பள்ளிக்கும் அரசுப் பள்ளிக்கும் பொதுப் பணத்தில் சம பங்கு என்று முடிவு செய்தார்கள். இன்றும் அங்கே மூன்றில் இரண்டு பங்கு பிள்ளைகள் தனியார் அமைப்புகள் நடத்தும் பள்ளிகளில்தான் படிக்கிறார்கள். கத்தோலிக்கருக்கு ஒன்று, புராட்டஸ்டண்டுக்கு ஒன்று, இரண்டும் வேண்டாதவருக்கு ஒன்று. ஊர் முழுக்கப் பார்த்தால் பன்மை. ஆனால் ஏதாவது ஒரு பள்ளிக்குள் நுழைந்து பாருங்கள். நீண்ட காலத்துக்கு அங்கே இருந்தது ஒரே குரல்தான். பள்ளிகளுக்கு இடையே உள்ள பன்மையும் பள்ளிக்குள்ளே உள்ள பன்மையும் வேறு வேறு. முதலாவதைக் காட்டி இரண்டாவதற்குக் கணக்குத் தீர்த்துவிடுகிறோம்.

இதே சுதந்திரத்துக்கு அசிங்கமான முகமும் உண்டு. வெள்ளைப் பிள்ளைகளும் கறுப்பினப் பிள்ளைகளும் ஒன்றாகப் படிக்க வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954இல் சொன்ன பிறகு, வர்ஜீனியாவின் பிரின்ஸ் எட்வர்ட் மாவட்டம் 1959இல் தன் அரசுப் பள்ளிகள் அனைத்தையும் இழுத்துப் பூட்டியது. வெள்ளைப் பிள்ளைகளுக்காகத் தனியார் பள்ளி ஒன்று தொடங்கப்பட்டது. கறுப்பினப் பிள்ளைகளில் பலர் 1964 வரை பள்ளி வாசலையே மிதிக்கவில்லை. தனியார் பள்ளிகளும் இனத்தைக் காரணம் காட்டிச் சேர்க்கை மறுக்கக் கூடாது என்று தீர்ப்பு வர 1976 ஆகிவிட்டது. ஆகவே "பெற்றோர் தேர்வு செய்யட்டும், அரசுக்கு என்ன வேலை" என்று யாராவது சொன்னால், எதைத் தேர்வு செய்ய என்று ஒருமுறை கேட்டுவிட வேண்டும்.

சரி, இன்றைய பள்ளிக்கு வருவோம். சாய்வு எப்படி உருவாகிறது? யாரோ அறையில் உட்கார்ந்து திட்டம் போடுகிறார்கள் என்று நான் நம்பவில்லை. அப்படிப்பட்ட பள்ளிகள் உண்டு. அவை தங்கள் கொள்கையை முகப்பிலேயே எழுதி வைத்துவிடுகின்றன, அவற்றோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. பிரச்சினை "எங்களிடம் அரசியலே கிடையாது" என்று சொல்லும் பள்ளியில்தான். அங்கே கட்டணம் முதல் சல்லடை. அதில் தங்குகிறவர்கள் ஏறக்குறைய ஒரே வருமானம், ஒரே வகை வேலை, ஒரே செய்தித்தாள். சேர்க்கை நேர்காணல் இரண்டாவது சல்லடை. அதற்குப் பிறகு விழாவுக்கு அழைக்கப்படும் சிறப்பு விருந்தினர், கட்டடத்துக்கு நன்கொடை கொடுத்தவரின் பெயர்ப் பலகை, சேவைத் திட்டம் என்ற பெயரில் பிள்ளைகள் போய்ப் படம் எடுத்துக்கொண்டு வரும் இடம். ஏழ்மைக்கு இரக்கப்படக் கற்றுக் கொடுப்பார்கள். கூலி எப்படி நிர்ணயமாகிறது என்ற கேள்வி வகுப்பில் எழுந்தால் மணி அடித்துவிடும். சுற்றுச்சூழல் தினத்தில் மரம் நடுவார்கள். நன்கொடையாளரின் ஆலைக் கழிவைப் பற்றி ஒரு கட்டுரைப் போட்டியும் இருக்காது. இதெல்லாம் எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை. அதனால்தான் பாடப்புத்தகத்தைப் புரட்டுகிறவர்கள் கண்ணுக்கு எதுவும் படுவதில்லை.

இதில் ஆசிரியர் எங்கே நிற்கிறார்? ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கப்படும் ஒப்பந்தத்தின் மேல் நிற்கிறார். நான் முன்பு ஒரு தனியார் பள்ளியில் சமூக அறிவியல் நடத்தினேன். தேர்தல் பற்றிய பாடத்தில் கட்சிகளின் பொருளாதாரக் கொள்கைகளை ஒப்பிட்டுப் பேசச் சொன்னேன். மறுநாள் முதல்வர் அழைத்தார். கோபமெல்லாம் இல்லை, மிகவும் கனிவாகத்தான் பேசினார்: "ஒரு பெற்றோர் அழைத்துக் கேட்டார். புத்தகத்தில் இருப்பதை மட்டும் நடத்திவிடுங்களேன்." எந்தப் பெற்றோர், எதைக் கேட்டார் என்று நான் விசாரிக்கவில்லை. விசாரிக்கும் இடத்தில் நான் இல்லை என்பது இருவருக்கும் தெரியும். ஆசிரியர் அறையில் இருந்த மற்றவர்களில் வலதுசாரியும் உண்டு, இடதுசாரியும் உண்டு, தேநீர் இடைவேளையில் அனல் பறக்கும். வகுப்பறைக்குள் நுழைந்ததும் எல்லோரும் ஒரே மாதிரி ஆகிவிடுவோம். அது ஒரு கொள்கையைத் திணித்ததால் வந்த ஒற்றுமை அல்ல. ஏப்ரலில் வேலை இருக்குமா என்ற பயத்தால் வந்தது.

இந்த இடத்தில் ஜெர்மனியின் அரசியல் சாசனத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1949இல் எழுதப்பட்ட அதன் 7ஆவது பிரிவு, தனியார் பள்ளி தொடங்கும் உரிமையைத் தெளிவாகக் கொடுக்கிறது. கூடவே நிபந்தனைகள் வைக்கிறது: கல்வித் தரம் அரசுப் பள்ளிக்குக் குறையக் கூடாது, பெற்றோரின் வசதியை வைத்துப் பிள்ளைகளைப் பிரிக்கும் போக்குக்கு இடம் தரக் கூடாது. மூன்றாவதாக ஒன்று, யாரும் அதிகம் பேசாதது: ஆசிரியர்களின் பொருளாதார நிலையும் சட்ட நிலையும் போதிய அளவு உறுதி செய்யப்படாவிட்டால் அந்தப் பள்ளிக்கு அனுமதியே கிடையாது. ஹிட்லரின் ஆட்சியைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் எழுதிய சாசனம் அது. நடைமுறையில் அதன் எல்லா நிபந்தனைகளும் அப்படியே காப்பாற்றப்படுகின்றன என்று நான் வாதிட வரவில்லை. கட்டண நிபந்தனை பற்றி அங்கேயே நிறையச் சச்சரவு. ஆனால் ஆசிரியரின் சம்பளத்தையும் பள்ளியின் சுதந்திரத்தையும் ஒரே பிரிவுக்குள் வைத்து யோசித்தார்களே, அதுதான் எனக்கு முக்கியம்.

மாணவர் நிலை இன்னும் விசித்திரமானது. வியட்நாம் போரை எதிர்த்துக் கறுப்புப் பட்டை அணிந்து வந்ததற்காக 1965இல் அமெரிக்காவின் டெமோயின் நகரில் அரசுப் பள்ளி மாணவர்கள் சிலர் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். அவர்களில் ஒரு சிறுமிக்கு வயது 13. 1969இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மாணவர் பக்கம் நின்றது. பேச்சுரிமையைப் பள்ளி வாசலில் கழற்றி வைத்துவிட்டு யாரும் உள்ளே வருவதில்லை என்ற கருத்து அந்தத் தீர்ப்பிலிருந்துதான் புகழ் பெற்றது. அதே சிறுமி தனியார் பள்ளியில் படித்திருந்தால் அந்தத் தீர்ப்பு அவளுக்கு உதவியிருக்காது. அரசு பேச்சைத் தடுத்தால்தான் அந்த உரிமையைக் காட்டி வழக்காட முடியும். தனியார் நிர்வாகத்தோடு உங்களுக்கு இருப்பது சேர்க்கைப் படிவத்தில் போட்ட கையெழுத்து. பணம் கட்டிப் படிக்கிறவருக்கு உரிமை கூடுதலாக இருக்கும் என்று நினைக்கிறோம். இந்த ஒரு விஷயத்தில் தலைகீழ்.

இதற்கு மருந்தாகச் சிலர் "சமநிலை" என்பதைக் கொண்டுவருகிறார்கள். இங்கிலாந்தில் தனியார் பள்ளிகளுக்கான 2014ஆம் ஆண்டு விதிகள் அப்படித்தான் சொல்கின்றன: எந்தப் பாடத்திலும் கட்சி சார்ந்த கருத்தைப் பரப்பக் கூடாது, அரசியல் பிரச்சினை வந்தால் எதிரெதிர்க் கருத்துகளைச் சமநிலையோடு முன்வைக்க இயன்றதைச் செய்ய வேண்டும். நல்ல விதி. ஆனால் பயந்த நிர்வாகத்தின் கையில் இது கிடைத்தால், சமநிலைக்கு மிகச் சுலபமான வழி எதையும் பேசாமல் இருப்பது என்று முடித்துவிடுவார்கள்.

எனக்கு அதைவிட 1976இல் ஜெர்மனியின் பாய்டல்ஸ்பாக் என்ற ஊரில் கூடிய கல்வியாளர்கள் வந்து சேர்ந்த உடன்பாடு பிடித்திருக்கிறது. மாணவரைத் திக்குமுக்காட வைத்து ஒரு முடிவுக்குத் தள்ளக் கூடாது. சமூகத்தில் சர்ச்சையாக இருப்பது வகுப்பிலும் சர்ச்சையாகவே வர வேண்டும். தன் நலன் எங்கே இருக்கிறது என்று மாணவரே ஆராயப் பழக வேண்டும். இரண்டாவதைக் கவனியுங்கள். சர்ச்சையை மறைத்தால் அதுவும் மீறல்தான். பூமி சூடாகிறதா என்பதற்கு இரண்டு பக்கம் தேடச் சொல்லவில்லை. அதற்கு யார் செலவு செய்ய வேண்டும் என்பதற்கு நான்கு பக்கம் உண்டு, நான்கும் வரட்டும் என்கிறது.

"அப்படியானால் கொள்கை வைத்திருக்கும் பள்ளிகளை மூட வேண்டுமா?" என்று கேட்பார்கள். வேண்டாம். சமயப் பள்ளி சமயப் பள்ளியாகவும் முற்போக்குப் பள்ளி முற்போக்குப் பள்ளியாகவும் இருக்கட்டும். சேர்க்கைக்கு முன்பே அதை எழுத்தில் சொல்லட்டும். அதை ஏற்காத மாணவரின் மதிப்பெண்ணிலும் ஆசிரியரின் ஒப்பந்தத்திலும் கை வைக்காமல் இருக்கட்டும். பள்ளியைச் சுற்றிக் காட்டும் நாளில் நீச்சல் குளத்தைப் பார்த்துவிட்டு வருகிற பெற்றோர், சமூக அறிவியல் ஆசிரியர் இங்கே எத்தனை ஆண்டுகளாக இருக்கிறார், போன ஆண்டு யாரெல்லாம் வேலையை விட்டுப் போனார்கள், ஏன் என்று கேட்கலாம். பதில் வருமோ வராதோ, முதல்வரின் முகம் சொல்லிவிடும்.

ஆனால் பெற்றோர் கேட்பார்களா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. முதல்வர் என்னை அழைத்துப் பேசக் காரணமாக இருந்த அந்தத் தொலைபேசி அழைப்பு நிர்வாகத்திடமிருந்து தொடங்கவில்லை. வீட்டில் பேசுவதையே பள்ளியும் பேச வேண்டும் என்பதற்காகத்தான் பலர் இவ்வளவு கட்டணம் கட்டுகிறார்கள். மாலையில் பிள்ளை வீட்டுக்கு வந்து, "நீங்கள் சொன்னதை எங்கள் ஆசிரியர் ஏற்கவில்லை அப்பா" என்று சொன்னால், அதற்கும் சேர்த்துத்தான் பணம் கட்டினோம் என்று நினைக்கிற தகப்பன் எத்தனை பேர் இருக்கிறார்கள்? கருத்துப் பெட்டியில் சொல்லுங்கள், குறிப்பாகத் தனியார் பள்ளிகளில் இப்போது வேலை பார்க்கும் ஆசிரியர்கள். பெயர் போட வேண்டாம்.