ஓடாத நாளுக்கும் ஏன் பணம்?

‘ஓடாத இயந்திரத்துக்கு எதற்குப் பணம்?’ மின்சாரம் தராமல் தயாராக மட்டும் நிற்கும் மின்நிலையங்களுக்கும் பணம் தரப்படுவதைப் பற்றி, மின்கட்டணம் உயரும் ஒவ்வொரு முறையும் இந்தக் கேள்வி எழுகிறது. மின்தேவையையும் உற்பத்தியையும் நொடிக்கு நொடி சமன்செய்யும் மின்சுமைப் பகிர்வு மையம் ஒன்றில் பல ஆண்டுகள் ஷிப்டு பார்த்தவன் என்ற முறையில் இதற்கு என் பதிலை எழுதிவைக்க விரும்புகிறேன். தேவையைச் சரியாகக் கணக்கிடாமல் 25 ஆண்டுகளுக்குப் போடப்பட்ட கொள்முதல் ஒப்பந்தங்களை நான் ஆதரிக்கவில்லை. நான் பேசுவது, அழைத்த சில நிமிடங்களில் மின்சாரம் தரத் தயாராக நிற்கும் கையிருப்பைப் பற்றி மட்டுமே.

ஒரு நாளை 15 நிமிடங்கள் கொண்ட 96 பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் மாநிலத்துக்கு எவ்வளவு மின்சாரம் தேவைப்படும், காற்றும் சூரியனும் எவ்வளவு தரும் என்று முந்தைய நாளே கணித்துவிடுகிறோம். பற்றாக்குறையை மின்சந்தையில் வாங்குகிறோம். கணிப்பு பிசகினால், 2020 ஜூன் முதல் அரை மணிக்கு ஒரு முறை நடக்கும் உடனடிச் சந்தையில் ஓரளவு சரிசெய்யலாம். அதற்கும் பிடிபடாத பிழை முழுவதும் மின் கட்டமைப்பின் அதிர்வெண்ணில், அதாவது மின்னோட்டம் நொடிக்கு எத்தனை முறை சுழல்கிறது என்ற அளவில், வந்து விழுகிறது. தேவை உற்பத்தியை மிஞ்சினால் அது இறங்கும், உற்பத்தி மிஞ்சினால் ஏறும். அது 50 ஹெர்ட்ஸை ஒட்டி, 49.90-க்கும் 50.05-க்கும் இடையில் நிற்க வேண்டும்.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். எங்களுக்குப் பயம் அந்தக் காற்று திடீரென்று படுத்துவிடும் நேரத்தில்தான். அப்படி ஓர் ஆடி மாத மாலை இன்னும் நினைவில் இருக்கிறது. காற்றாலைகள் நிறைந்த ஆரல்வாய்மொழிக் கணவாயில் இரவு வரை காற்று நிற்கும் என்று முன்கணிப்பு சொன்னது. திரையில் அந்தக் கணிப்புக் கோடு நேராகப் போய்க்கொண்டிருக்க, உண்மையான உற்பத்தியைக் காட்டும் கோடு அதை விட்டு விலகிக் கீழே இறங்கத் தொடங்கியது. சூரிய மின்சாரம் அடங்கி, வீடுகளில் விளக்கு ஏற்றும் நேரம் அது. சில நூறு மெகாவாட் குறைந்ததும் அதிர்வெண் 49.90-க்குக் கீழே போனது. ஓடிக்கொண்டிருக்கும் அனல் மின்நிலையம் நிமிடத்துக்கு அதன் திறனில் ஒரு சதவீதம் என்ற அளவில்தான் உற்பத்தியைக் கூட்ட முடியும். ஆறிக் கிடக்கும் கொதிகலனைப் புதிதாகப் பற்றவைத்தால் மின்சாரம் வரப் பல மணி நேரம் ஆகும். கடம்பாறை நீர்மின் நிலையத்துக்குப் போன் போட்டோம். மலைக்குள் குடைந்த அந்த நிலையத்தில், மேல் அணையில் தேக்கிய நீர் மேல் ஆழியாறுக்கு இறங்கும்போது, தலா 100 மெகாவாட் திறனுள்ள நான்கு இயந்திரங்கள் சுழல்கின்றன. சில நிமிடங்களில் முதல் இயந்திரம் கட்டமைப்புக்கு வந்தது. அதிர்வெண் மெல்ல ஏறியது. எந்தத் தெருவிலும் விளக்கு அணையவில்லை என்பதால் மறுநாள் அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

சில மாதங்கள் கழித்து ஒரு கூட்டத்தில், கையிருப்பாக வைத்திருந்த இயந்திரங்கள் அதிகம் ஓடாத மாதங்களைச் சுட்டிக்காட்டி, இந்தச் செலவு அவசியமா என்று ஓர் அதிகாரி கேட்டார். அவர் கையில் இருந்தது ஓடிய மணிநேரக் கணக்கு மட்டும். தவிர்க்கப்பட்ட மின்வெட்டுக்கு அதில் இடம் இல்லை. அந்தக் கணக்குமுறைதான் எனக்கு இன்றளவும் வருத்தம் தருகிறது.

2020 ஏப்ரல் 5-ஐ எண்ணிப் பாருங்கள். கொரோனா ஊரடங்கில் இரவு 9 மணிக்கு ஒன்பது நிமிடம் விளக்கணைக்கப் பிரதமர் சொன்னபோது, நாட்டின் மின்தேவை 12,000 முதல் 14,000 மெகாவாட் வரை குறையும் என்று கணித்தார்கள். குறைந்ததோ 31,000 மெகாவாட்டுக்கும் மேல். கணிப்பு இரண்டு மடங்குக்கு மேல் தவறியும் கட்டமைப்பு விழாததற்குக் காரணம், அந்த நேரத்துக்கென்று நீர்மின் நிலையங்களை முன்கூட்டியே முழு வேகத்தில் ஓடவிட்டிருந்ததுதான். சுமார் 25 நிமிடங்களில் 17,000 மெகாவாட்டுக்கும் அதிகமான நீர்மின் உற்பத்தியை இறக்கி, பிறகு திரும்ப ஏற்றினார்கள். அதிர்வெண் 49.70-க்கும் 50.26-க்கும் இடையில் ஆடி, நிலைக்கு வந்தது. கணிப்பு தவறலாம் என்று முதலிலேயே ஒப்புக்கொண்டு திட்டமிட்ட பணி அது.

அந்த ஒப்புதல் நமது அன்றாட வேலைக்குள் வர வேண்டும் என்பதே என் கருத்து. ‘நாளை மாலை காற்றாலைகள் 3,000 மெகாவாட் தரும்’ என்று ஒற்றை எண்ணைக் கொடுப்பதற்குப் பதிலாக, ‘2,200 முதல் 3,500 வரை தரலாம்’ என்று வீச்சாகக் கொடுத்தால், அந்த 800 மெகாவாட் இறக்கத்துக்கு எதை வைத்திருக்கிறோம் என்ற கேள்வி முந்தைய நாளே எழும். வீச்சு விரியும் நாட்களில் கையிருப்பைக் கூட்டலாம். குறுகும் நாட்களில் குறைத்துப் பணத்தை மிச்சப்படுத்தலாம். எல்லா நாளும் ஒரே அளவு வைப்பதைவிட இது சிக்கனமும்கூட.

சந்தை இருக்கிறதே, தேவைப்படும்போது வாங்கிக்கொள்ளலாமே என்பவர்கள், காற்று இங்கே விழும் மாலையில் மற்ற மாநிலங்களும் அதே சந்தைக்குத்தான் வருகின்றன என்பதை மறக்கிறார்கள். பல நாட்கள் நண்பகலில் 3 ரூபாய்க்கும் கீழே கிடைக்கும் யூனிட், தட்டுப்பாடு நிலவும் மாலைகளில் 10 ரூபாய் என்ற உச்சவரம்பைத் தொட்டு நிற்கிறது. அந்த விலைக்கும் கேட்ட அளவு கிடைப்பதில்லை. நண்பகல் மின்சாரத்தால் நீரை மேலே ஏற்றி மாலையில் இறக்கும் கடம்பாறை போன்ற நிலையங்களையும், நீலகிரியில் 500 மெகாவாட் திறனுக்குத் திட்டமிடப்பட்ட குந்தா நிலையத்தையும், பேட்டரிகளையும் இந்தக் கோணத்தில் மதிப்பிட வேண்டும்.

உடனடியாகச் செய்யக்கூடிய ஒன்று உண்டு. ஒவ்வொரு நாளும் 96 பகுதிகளுக்கும் கணித்தது எவ்வளவு, நடந்தது எவ்வளவு, இடைவெளியை நிரப்ப எந்தக் கையிருப்பு எத்தனை நிமிடத்தில் வந்தது என்பதை, பொதுமக்கள் படிக்கும்படி தமிழில் மறுநாள் காலையே வெளியிடலாம். ஓடாத இயந்திரத்துக்கு ஏன் பணம் என்று கேட்பவர்கள் அந்தப் பட்டியலை ஒரு காற்றுப் பருவம் முழுவதும் பார்த்துவிட்டு மறுபடி கேட்கட்டும். நான் உட்கார்ந்து பதில் சொல்கிறேன்.