மறுகா?

போன மாதம் மகளுடைய பாடசாலையில் கதை சொல்லல் போட்டி. ஆறு வயது. கொக்கட்டிச்சோலைச் சிவன் கோயில் கல்நந்தியின் கதையைச் சொன்னாள். பரிசு கிடைக்கவில்லை, சரி. அதற்குச் சொன்ன காரணம்தான் பொறுக்கவில்லை. இடைக்கிடை "மறுகா, மறுகா" என்றாளாம்; எங்கள் பக்கத்தில் "பிறகு" என்பதற்கு அதுதான் சொல். பேச்சு வழக்கென்று புள்ளியைக் குறைத்துவிட்டார்கள். முதல் வந்த பிள்ளை ரீச்சர் எழுதிக் கொடுத்ததை ஒரு சொல் பிசகாமல் கையசைவோடு ஒப்புவித்தது. கெட்டிக்காரப் பிள்ளைதான். ஆனால் அது மனனப் போட்டி.

மட்டக்களப்பில் கதை நடப்பதே மறுகாவில்தான். அம்மம்மா வெற்றிலை வட்டாவை மடியில் வைத்துப் பாக்குச் சீவிக்கொண்டே சொல்லுவா. கோயிலை இடிக்கப் பறங்கியன் வருவான். "உங்கட கல்மாடு புல்லுத் தின்னுமோ எண்டு கேட்டான்" என்ற இடத்தில் பாக்குவெட்டி நிற்கும். நாங்கள் "மறுகா?" என்று கேட்க வேண்டும். கேட்காவிட்டால் மாடு எழும்பாது. கேட்டாலும் அவ பாக்கை வாயில் போட்டு, குதப்பி, முற்றத்தில் துப்பிவிட்டு வந்த பிறகுதான் நந்தி எழும்பிப் புல்லைத் தின்னும், சாணமும் போடும். "ம்" கொட்டுவது நின்றால் கதையும் நிற்கும். எங்கே விட்டது என்று மறுநாள் நாங்கள்தான் சொல்ல வேண்டும்.

எத்தனை தரம் கேட்டிருப்பேன், இரண்டு தரம் ஒரே மாதிரி இருந்ததில்லை. மழை பெய்த இரவில் பறங்கியனின் சப்பாத்து சேற்றில் புதைந்தது. தம்பி சோறு வேண்டாம் என்று அழுத அன்று நந்தி ஒரு புல் மிச்சம் வைக்கவில்லை.

வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்களில் கண்ணகி கதையான வழக்குரையைப் பாடுவது வேறு. அங்கே ஏட்டில் உள்ளபடிதான் பாட வேண்டும். அது அம்மனுக்கு, இது சோறு தின்னாத தம்பிக்கு. இரண்டுக்கும் ஒரே புள்ளித்தாளைப் போட்டால் எப்படி?

1978 நவம்பர் 23 சூறாவளி நான் பிறக்க முன் அடித்தது. ஆனால் ஓடு பறந்த சத்தம் எனக்குக் கேட்கும். அதுவும் பாக்குவெட்டிக்குப் பக்கத்தில் இருந்து கேட்டதுதான்.

மண்முனைத்துறையில் 2014இல் பாலம் திறந்தார்கள். அதற்கு முன் வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைக்குப் போக இயந்திரப் பாதைதான், ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக் கடக்கும் மிதவை. நோயாளியை வைத்துக்கொண்டு துறையில் காத்து நின்றவர் எவரும் அதைத் திரும்பக் கேட்கமாட்டார். ஆனாலும் அந்தக் காத்திருப்பில் கேட்ட கதைகள்! பாதை இக்கரைக்கு வந்துவிட்டதே என்று எரிச்சல்பட்டிருக்கிறேன். மகள் அதைக் கண்ணால் கண்டதில்லை.

யூடியூப்பில் கதை போட்டுக் கொடுக்காத ஆளல்ல நான். அலுப்பான இரவுகளில் பெரிய உதவி. என்ன, பிள்ளை நித்திரையான பிறகும் அது பாட்டுக்கு அடுத்த கதைக்குப் போய்விடும்.

நேற்றிரவு மகள் சொன்னாள், நான் கேட்டேன். நந்தி புல்லைத் தின்று முடித்தது.

"மறுகா?"

"மறுகா டவுன் பார்க்க வெளிக்கிட்டுது."

"பாலத்தாலயா?"

"அப்ப எங்க அப்பா பாலம்? துறையில பாதைக்கு நிண்டது."